மூட்டையில் வந்த நோய்

ஹேவ்லாக் ஒரு சிறிய தீவு. அந்தமான் தீவுக் கூட்டத்தில் அது இருக்கிறது. போர்ட் பிளேயரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரம். பெரும்பாலும் படகில்தான் போவார்கள். 2018-ஆம் ஆண்டு இந்தத் தீவுக்குச் சுவராஜ் தீவு என்று பெயர் வைத்தார்கள். போர்ட் பிளேயருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. ஆனாலும் பலர் பழைய பெயர்களையே சொல்கிறார்கள்.

ஹேவ்லாக்கில் வங்காளிக் குடும்பங்கள் அதிகம். நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் அவர்கள். பிழைப்புக்காக வந்த தமிழர்களும் இருக்கிறார்கள்.

அங்கே ஒரு தமிழ் அக்கா கோழி வளர்த்தார். இது அவருடைய கதை. கதைதான். ஆனால் எந்தத் தீவிலும், எந்த ஊரிலும் இது நடக்கலாம். உங்கள் வீட்டிலும் நடக்கலாம்.

பாதி விலை மூட்டை

அக்காவின் கணவர் வண்டி ஓட்டுகிறார். அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள். அக்கா வீட்டுக்குப் பின்னால் கோழிக் கூண்டு வைத்திருந்தார். முட்டையிடும் கோழிகள் 16. குஞ்சுகள் 40. ஒரு நாளைக்குப் பத்து முட்டை கிடைக்கும். படகுத்துறைப் பக்கம் இருந்த ஓர் உணவுக் கடைக்கு அவற்றைக் கொடுப்பார்.

அக்கா மாலையில் எழுத்தறிவு வகுப்புக்கும் போய் வந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் வகுப்பில் படிப்பதோடு சரி. கடையில், படகில், மூட்டையில் இருக்கும் எழுத்தைப் படிக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

அது மழைக்காலம். அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 300 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இது இரண்டு மடங்கு. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை காற்றிலேயே ஈரம் இருக்கும்.

ஒரு நாள் தீவனக் கடைக்காரர் அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு மூட்டை கொஞ்சம் நனைந்துவிட்டது. படகிலிருந்து இறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதி விலைக்குத் தருகிறேன். எடுத்துக்கொள்கிறீர்களா?"

அக்கா கணக்குப் போட்டார். மூட்டை 2000 ரூபாய். பாதி விலை என்றால் 1000 ரூபாய் மிச்சம். மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கலாம்.

மூட்டையை வாங்கி வந்தார். பக்கத்து வீட்டு வங்காளி அம்மா அதைப் பார்த்தார். அக்கா அவரைத் தீதி என்றுதான் கூப்பிடுவார். தீதி என்றால் அக்காள் என்று பொருள்.

"இது புளித்த வாடை அடிக்கிறதே?" என்றார் தீதி.

"வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் தீதி" என்றார் அக்கா.

மறுநாள் கொஞ்சம் வெயில் வந்தது. அக்கா தீவனத்தைச் சாக்கில் பரப்பினார். மேலே இருந்தது காய்ந்தது. அடியில் இருந்தது கட்டி கட்டியாக இருந்தது. கட்டியைக் கையால் உடைத்தார். குஞ்சுகளுக்கும் கோழிகளுக்கும் போட்டார்.

குஞ்சுகள் சுருண்டன

ஐந்து நாள் போனது. குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. இறக்கை தொங்கியது. இரை எடுக்கவில்லை. கழிச்சல் கண்டது. பின்பக்கத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து கிடந்தது. ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. பத்து நாளில் 19 குஞ்சுகள் போய்விட்டன.

"இது வெள்ளைக் கழிச்சல்தான்" என்றார் ஒருவர். "இல்லை, குளிர்" என்றார் இன்னொருவர்.

பெரிய கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்போதும் போல மேய்ந்தன. எப்போதும் போல முட்டையிட்டன. அதனால் அக்கா முட்டையை நிறுத்தவில்லை. கடைக்குக் கொடுத்தார். மகளுக்கும் அரை வேக்காட்டு முட்டை கொடுத்தார். பிள்ளைக்குப் பலம் வரட்டும் என்று கொடுத்தார்.

மறுநாள் இரவு மகளுக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாந்தி எடுத்தாள். விடிவதற்குள் எட்டு முறை வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய்விட்டது. நாக்கு வறண்டுவிட்டது.

விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினார்கள். அங்கே உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் கொடுத்தார்கள். துத்தநாக மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் பிள்ளை கண் திறந்து பேசினாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

"வீட்டில் கோழி இருக்கிறதா?" என்று சுகாதார நிலைய மருத்துவர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வி அக்காவின் மனதில் குத்திக்கொண்டே இருந்தது. அவர் கால்நடை மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் என்ன கண்டார்?

கால்நடை மருத்துவர் வீட்டுக்கு வந்தார். அவரும் தமிழ்நாட்டுக்காரர். செத்த குஞ்சு ஒன்றைப் பனிக்கட்டியில் வைத்தார். மூட்டையிலிருந்து ஒரு பிடி தீவனம் எடுத்தார். இரண்டையும் படகில் போர்ட் பிளேயருக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

சில நாளில் முடிவு வந்தது. குஞ்சின் குடலில் ஒரு கிருமி இருந்தது. தீவனத்திலும் அதே கிருமி இருந்தது. அதன் பெயர் சால்மோனெல்லா.

"தீவனத்திலா?" என்று அக்கா திகைத்தார். "தீவனம் உணவு ஆயிற்றே. அதில் எப்படி நோய் வரும்?"

"நமக்கு உணவானது கிருமிக்கும் உணவுதான் அம்மா" என்றார் மருத்துவர்.

கிருமியின் கணக்கு

சால்மோனெல்லா ஒரு பாக்டீரியா. பாக்டீரியா மிக மிகச் சிறிய உயிர். கண்ணால் பார்க்க முடியாது. நுண்ணோக்கியில்தான் தெரியும். 1885-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். சால்மன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இந்தக் கிருமி கோழி, எலி, பல்லி, மாடு, பன்றி ஆகியவற்றின் குடலில் வாழும். அவற்றின் எச்சத்தில் வெளியே வரும். எச்சம் தீவனத்தில் விழுந்தால் கிருமியும் தீவனத்தில் சேரும்.

காய்ந்த தீவனத்தில் கிருமி பெருகாது. ஆனால் சாகவும் சாகாது. பல மாதம் சும்மா கிடக்கும். ஈரம் எப்போது வரும் என்று காத்துக் கிடப்பது போல இருக்கும்.

ஈரம் வந்தால் என்ன ஆகும்? ஈரமும் சூடும் சரியாக அமைந்தால் ஒரு கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். இன்னும் 20 நிமிடத்தில் நான்காகும். ஒரு மணி நேரத்தில் எட்டாகும். கணக்கைத் தொடர்ந்து போடுவோம்.

1 மணி நேரத்தில் 8
2 மணி நேரத்தில் 64
3 மணி நேரத்தில் 512
4 மணி நேரத்தில் 4,096
5 மணி நேரத்தில் 32,768
6 மணி நேரத்தில் 2,62,144
7 மணி நேரத்தில் 20,97,152

மாலையில் ஒரு கிருமி. விடிவதற்குள் 20 லட்சத்துக்கும் மேல். அதனால்தான் நனைந்த தீவனத்தைக் கண்டு பயப்பட வேண்டும்.

வெயிலில் காயவைத்தால் போதாதா? போதாது. வெயில் ஈரத்தை எடுக்கும். எல்லாக் கிருமிகளையும் கொல்லாது. அதோடு, நனைந்த தீவனத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். பூஞ்சணம் விடும் நஞ்சு வெயிலில் போகாது. உடைத்துத் தூளாக்கினாலும் போகாது.

நோய் காட்டாத கோழி

குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. அதனால் கிருமி அதை உடனே வீழ்த்திவிடும். பெரிய கோழி தாங்கிக்கொள்ளும். நோய் வெளியே தெரியாது. ஆனால் கிருமி அதன் குடலில் இருக்கும். எச்சத்தில் வரும். முட்டை ஓட்டில் ஒட்டும். சில சமயம் முட்டைக்கு உள்ளேயும் இருக்கும்.

இதுதான் ஆபத்து. கோழி நன்றாக இருக்கிறது. முட்டையும் நன்றாக இருக்கிறது. சாப்பிட்ட பிள்ளை மட்டும் படுத்துவிடுகிறது.

முட்டையை நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும். மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகவைக்க வேண்டும். அரை வேக்காட்டில் கிருமி தப்பிவிடும்.

கடல் கடந்து வந்த கிருமி

ஒரு மூட்டைத் தீவனம் ஒரு வீட்டைத்தான் பாதிக்கும் என்று எண்ண வேண்டாம். உலகில் உண்மையாக நடந்த ஒன்றைக் கேளுங்கள்.

தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. அங்கே கடலில் மீன் வளம் மிகுதி. மீனைக் காயவைத்து அரைத்து மீன் தூள் ஆக்குவார்கள். கப்பலில் பல நாடுகளுக்கு அனுப்புவார்கள். அது கோழித் தீவனத்தில் சேரும். 1968-ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்த மீன் தூள் அமெரிக்காவின் கோழிப் பண்ணைகளுக்கு வந்தது.

அதில் சால்மோனெல்லாவில் ஒரு வகை கலந்திருந்தது. அந்த வகைக்கு அகோனா என்று பெயர். அதற்கு முன் அமெரிக்க மக்களிடம் அது மிக அரிது. 1972-ஆம் ஆண்டு ஆர்க்கன்சா மாநிலத்தில் பாராகுல்ட் என்ற சிற்றூரில் பலர் இந்தக் கிருமியால் நோயுற்றார்கள். எங்கிருந்து வந்தது என்று அதிகாரிகள் தேடினார்கள்.

நோயாளிகளைக் கேட்டார்கள். ஓர் உணவு விடுதி தெரிய வந்தது. விடுதிக்குக் கோழி வந்த இடத்தைத் தேடினார்கள். மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பண்ணை தெரிய வந்தது. பண்ணையில் கோழி தின்றது என்ன என்று பார்த்தார்கள். பெரு நாட்டு மீன் தூள்.

மீன் தூள், கோழி, விடுதி, மனிதர். சங்கிலி போல நோய் வந்திருக்கிறது. 1972-க்குள் அமெரிக்க மக்களிடம் காணப்பட்ட சால்மோனெல்லா வகைகளில் அகோனா எட்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. இங்கிலாந்து, நெதர்லாந்து, இஸ்ரேல் ஆகிய நாடுகளிலும் அது பரவியது. தீவனத்தில் நுழைந்த நாளிலிருந்து அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் அந்தக் கிருமி நோய் தந்திருக்கும் என்று 2002-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

மூட்டையின் பயணம்

ஹேவ்லாக்குக்கு மூட்டை எப்படி வருகிறது? தீவில் பெரிய தீவன ஆலை இல்லை. மூட்டை தாய்நாட்டு ஆலையில் நிரம்புகிறது. லாரியில் துறைமுகம் வருகிறது. கிடங்கில் கிடக்கிறது. சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து போர்ட் பிளேயர் வருகிறது. அங்கும் கிடங்கு. பிறகு படகு. பிறகு கடை. பிறகு வீடு.

ஆலையில் நீராவி விட்டுத் தீவனத்தைக் குச்சியாக்கும்போது பல கிருமிகள் செத்துவிடும். ஆனால் ஆலையை விட்ட பிறகு கிருமி மீண்டும் சேரலாம். கிடங்கில் எலி ஓடுகிறது. பறவை எச்சமிடுகிறது. கப்பலில் மூட்டை வியர்க்கிறது. படகுத்துறையில் மழை பிடிக்கிறது. வீட்டில் மண் தரையில் மூட்டை கிடக்கிறது. தரையின் ஈரம் சாக்கில் ஏறுகிறது.

100 கிலோ கலப்புத் தீவனத்தில் 11 கிலோவுக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. இது இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு. ஈரம் கூடக்கூடப் பூஞ்சணமும் கிருமியும் பெருகும்.

மாடு வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். புண்ணாக்கை ஊறவைத்து ஒரு நாள் முழுதும் வைத்தால் அது கெடும். ஓட்டல் மிச்சச் சோறு வெயிலில் கிடந்தால் கெடும். வைக்கோல் போரிலோ தீவனத்திலோ எலி, பாம்பு செத்து அழுகினால் இன்னொரு பாக்டீரியா வளரலாம். அதன் நஞ்சு மிகக் கொடியது. தின்ற மாட்டின் கால்கள் தளரும். நாக்கு தொங்கும். மாடு எழ முடியாமல் படுத்துவிடும். பல மாடுகள் பிழைப்பதில்லை. ஆகவே செத்த எலி கிடந்த தீவனத்தில் எலியை மட்டும் எடுத்து எறிந்தால் போதாது. அதைச் சுற்றியிருந்த தீவனம் முழுவதையும் அகற்ற வேண்டும்.

முட்டையை என்ன செய்வது?

மருத்துவர் அக்காவிடம் சொன்னார். "அம்மா, மூட்டையில் மீதி இருப்பதைப் புதையுங்கள். கோழிகளைப் பரிசோதிக்க வேண்டும். நான் சொல்லும் வரை முட்டை விற்காதீர்கள்."

அக்காவுக்குத் துக்கம் தொண்டையை அடைத்தது. "கடையில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன் ஐயா."

"உங்கள் பிள்ளை சாப்பிட்ட முட்டையைத்தான் அந்தக் கடையிலும் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்" என்றார் மருத்துவர்.

அன்று இரவு அக்கா தூங்கவில்லை. யாருக்கும் தெரியாது. சொல்லாமல் விட்டால் கேட்பவர் இல்லை. ஆனால் பிள்ளையின் வறண்ட நாக்கு கண்ணில் நின்றது.

காலையில் கடைக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். முன்பு கொடுத்த முட்டை மிச்சம் இருந்தால் எறிந்துவிடச் சொன்னார். கடைக்காரருக்குக் கோபம் வந்தது. பிறகு தணிந்தது. "நீங்களே வந்து சொன்னீர்கள். சரியானதும் உங்களிடமே வாங்குகிறேன்" என்றார்.

பரிசோதனையில் நான்கு கோழிகளில் கிருமி இருந்தது. அவற்றை அழித்தார்கள். கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகக் குழி வெட்டினார்கள். கோழிகளையும் கெட்ட தீவனத்தையும் போட்டார்கள். சுண்ணாம்பு தூவி மூடினார்கள். கூண்டைக் கழுவிக் காயவைத்தார்கள். மூன்று வாரம் கழித்து மறு பரிசோதனை நடந்தது. கிருமி இல்லை. அக்கா மீண்டும் முட்டை விற்றார்.

மூட்டையில் எழுதியிருந்தது

காலி மூட்டையைக் கொளுத்தப் போகும்போது அக்காவின் கண்ணில் எழுத்துப் பட்டது. மூட்டை சென்னையிலிருந்து வந்தது. அதில் தமிழும் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஈ - ர - ம் ப - டா - த இ - ட - த் - தி - ல் வை - க் - க - வு - ம்."

அதன் கீழே தயாரித்த தேதி இருந்தது. நான்கு மாதம் பழையது.

"தீதி, எல்லாம் இதிலேயே எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை" என்றார் அக்கா.

"இனிமேல் எனக்கும் சேர்த்துப் படி" என்றார் தீதி.

இப்போது தீதி மாட்டுத் தீவனம் வாங்கப் போனாலும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறார். அக்கா முதலில் மூட்டையைப் படிக்கிறார். பிறகுதான் பணம் கொடுக்கிறார்.

நினைவில் வைப்போம்

வாங்கும்போது:
1. மூட்டையில் தேதியைப் படியுங்கள். புதியதாக வாங்குங்கள்.
2. நனைந்த மூட்டை, கிழிந்த மூட்டை, எலி கடித்த மூட்டை வேண்டாம். இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.
3. கையில் அள்ளிப் பாருங்கள். கட்டி, சூடு, புளித்த வாடை, பூஞ்சணம் இருந்தால் வாங்காதீர்கள். இவை இல்லாத தீவனத்திலும் கிருமி இருக்கலாம். ஆகவே வீட்டிலும் கவனம் வேண்டும்.
4. மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

வைக்கும்போது:
5. பலகை மேல் வையுங்கள். தரையிலிருந்து அரை அடி உயரம் வேண்டும். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள்.
6. பிரித்த மூட்டையை மூடியுள்ள டிரம்மில் கொட்டுங்கள். எலி புகக் கூடாது.
7. முன்பு வாங்கியதை முன்பு செலவழியுங்கள்.

போடும்போது:
8. தண்ணீர் கலந்த தீவனத்தை ஒரு வேளைக்கு மட்டும் கலக்குங்கள். மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.
9. மீன் கழிவைப் பச்சையாகக் கோழிக்குப் போடாதீர்கள். நன்றாக வேகவைத்து அன்றே போடுங்கள்.
10. இறைச்சி கலந்த ஓட்டல் மிச்சத்தை மாட்டுக்குக் கொடுக்காதீர்கள்.
11. தீவனத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் தினமும் கழுவிக் காயவையுங்கள்.
12. தீவனம், முட்டை, கோழி தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நோய் வந்தால்:
13. குஞ்சுகள் கூட்டமாகச் செத்தால் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாகவே மருந்து வாங்கிப் போடாதீர்கள்.
14. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உடனே உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர். சர்க்கரை 6 தேக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டி. தலை தட்டி அளக்க வேண்டும். கொடுத்துக்கொண்டே சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்.
1. குஞ்சுகள் செத்தன. பெரிய கோழிகள் ஏன் சாகவில்லை?
2. நனைந்த தீவனத்தை வெயிலில் காயவைத்தால் ஏன் போதாது?
3. பெரு நாட்டு மீன் தூள் மனிதருக்கு எப்படி நோய் தந்தது?

ஆ. கணக்குப் போடுங்கள்.
அக்கா மிச்சம் பிடித்தது 1000 ரூபாய். அவருக்கு ஆன நட்டம் இது:
19 குஞ்சுகள், ஒன்று 60 ரூபாய்.
4 கோழிகள், ஒன்று 400 ரூபாய்.
21 நாள் விற்காத முட்டை, நாளைக்கு 10, ஒன்று 8 ரூபாய்.
மொத்த நட்டம் எவ்வளவு? மிச்சம் பெரிதா, நட்டம் பெரிதா?

இ. பேசுங்கள்.
அக்கா கடையில் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

ஈ. செய்து பாருங்கள்.
உங்கள் வீட்டுத் தீவன மூட்டையை எடுங்கள். அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். தயாரித்த தேதியை நோட்டில் எழுதுங்கள். பக்கத்து வீட்டு மூட்டையையும் படித்துச் சொல்லுங்கள்.